மூன்றாவது வாரம்

சங்கரி மூன்றாவது பாட்டிலைத் திறந்தபோது செண்பகவல்லிக்குத் தன் அடிவயிறு கனத்தது. குடிப்பது மருமகள், முட்டுவது மாமியாருக்கு. வயிறு நிறையத் தண்ணி குடிச்சிட்டு இருங்க, அப்பத்தான் படம் தெளிவாத் தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போன நர்ஸ் ஒரு மணி நேரமாகத் தலை காட்டவில்லை. இவர்கள் டோக்கன் பதினேழு, உள்ளே போயிருப்பது பதினொன்று. பாளையங்கோட்டையின் பதினோரு மணி வெயில் கண்ணாடிக் கதவு வழியாக வந்து, வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் மேல் கிடந்தது. ஸ்கேன் சென்டரின் சுவரில் ஒரு குழந்தை, இந்த ஊரில் இதுவரை எந்த வீட்டிலும் பிறந்திராத நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. இரும்பு நாற்காலி வரிசையில் எட்டுப் பெண்கள், பக்கத்துக்கு ஒரு அம்மாவோ மாமியாரோ, சுவரோரமாகக் கைபேசியைத் தேய்த்தபடி புருஷன்மார். குமரேசன் வரவில்லை. கப்பல் கம்பெனி வேலையாகத் தூத்துக்குடி போயிருக்கிறான். நீங்க இருக்கியள்லாம்மா, ஒங்களுக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். முப்பது வருஷம் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்தி, அதிலும் பாதி நேரம் கருவியலே நடத்தி ஓய்வு பெற்ற அம்மாவிடம் வேறென்ன சொல்வான். தெரிந்ததுதானே தொல்லை. ஒன்றும் தெரியாத மாமியார்கள் டிவியில் சத்தமில்லாமல் ஓடிய சமையலை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு விரல்கள் மடங்கி மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தன. போன வாரம் அட்டையில் இரண்டு கோடு தெரிந்த அன்றைக்கே எண்ணிப் பார்த்துவிட்டாள். இந்தக் கருவின் மூன்றாவது வாரம், குமரேசன் வாசல் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்த அதே வாரம். சங்கரி டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். தின்னர் நெடி அடுக்களை வரை வந்தது. இவளும் போய் நின்று, நல்லா இருக்குடே என்று வேறு சொல்லிவிட்டு வந்தாள். யாருக்குத் தெரியும் அப்போது. அந்த வாரத்தின் குணமே அதுதான், வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, தெரிய வரும்போது முடிந்திருக்கும். இன்றைக்கு உள்ளே கூப்பிட்டதும் துடிப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் துடிப்பு இருக்க வேண்டும். கல்யாணமாகி நாலு வருஷம், கப்பலில் பாதியும் மருந்து மாத்திரையில் மீதியுமாகப் போன நாலு வருஷம். இவளுக்கு வேறொன்றும் வேண்டாம், அது இருந்தால் போதும். மூக்கில் நெடி இன்னும் நின்றது. பெயிண்ட் நெடியா, அதற்கும் முந்தைய நெடியா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கேஸ்ட்ருலேஷன் என்று கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகள் முகம் வாடும். படிக்கிறவர்களுக்கு அது மூன்று அடுக்கு, ஒரு படம், பத்து மார்க். அவளுக்கு அப்படியில்லை. அதுவரை இரண்டே அடுக்காகக் கிடக்கிற, கடுகைவிடச் சின்னதான ஒரு தட்டு, அதன் முதுகில் ஒரு நாள் நடுவாக்கில் ஒரு கோடு விழும். மேலடுக்கில் இருக்கிற செல்கள் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தக் கோட்டைப் பார்த்து வரும், வந்து உள்ளே இறங்கும், இறங்கிக் கீழே பரவும். அடியில் போய்ப் படிந்தது அக அடுக்கு, குடலும் ஈரலும் அதிலிருந்து. மேலேயே தங்கிவிட்டது புற அடுக்கு, தோலும் மூளையும் அது. இரண்டுக்கும் இடையில் போய் நிறைந்தது நடு அடுக்கு, எலும்பும் சதையும் ரத்தமும் இதயமும். அந்த ஒரு வாரத்துக்கு முன்னால் அது ஒரு தட்டு, அந்த வாரத்துக்குப் பிறகு அதற்குத் தலை எது, கால் எது, இடம் எது, வலம் எது என்று இருக்கிறது. ஒரு வருஷம், தொண்ணூற்றேழோ எட்டோ, படம் போட்டுப் போட்டு அலுத்து வகுப்பு முழுவதையும் பேஸ்கட்பால் மைதானத்துக்கு இறக்கிக்கொண்டு போனாள். நடுவில் சுண்ணாம்பால் கோடு. கோட்டை எட்டியதும் குனிய வேண்டும், குனிந்தவர்கள் நிற்கிறவர்கள் விரித்துப் பிடித்த தாவணிக்கும் துப்பட்டாவுக்கும் அடியில் நகர்ந்து போக வேண்டும். முதலில் இறங்குகிற ஏழெட்டுப் பேர் நேராகத் தலைமாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், அவர்கள்தான் இதயம். அறுபது பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பிரின்சிபால் ஜன்னலைத் திறந்து பார்த்தார். விலங்கியல் துறைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மறுநாள் ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். இன்றைக்கும் கடைத்தெருவில் யாராவது ஒரு நடுவயசுப் பெண் ஓடி வந்து, மேடம், நான் அன்னைக்கு அக அடுக்கு என்பாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான், ராதாபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, செருப்பு வார் அறுந்து கோட்டின் மேலேயே நின்றுவிட்டாள். முன்னால் போனவர்கள் போய்விட்டார்கள், பின்னால் வருகிறவர்கள் இடித்துத் தள்ளுகிறார்கள். மேடம், எனக்கு எங்க போணும்னு தெரியல என்று அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். செண்பகவல்லிக்குத்தான் கண் இருட்டிக்கொண்டு வந்தது. போதும், எல்லாரும் வகுப்புக்குப் போங்க என்று விசிலை ஊதிவிட்டாள். இத்தனை நல்ல விளையாட்டை ஏன் பாதியில் நிறுத்தினாள் என்று ஒருத்திக்கும் புரிந்திருக்காது. அடுத்த வருஷத்திலிருந்து மறுபடியும் கரும்பலகைதான்.

கரும்பலகையிலும் ஒரு சங்கதி உண்டு. புற அடுக்குக்கு நீலம், நடு அடுக்குக்குச் சிவப்பு, அக அடுக்குக்கு மஞ்சள், எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதுதான் நிறம். நீலத்தை அவள் போடுவாள். மஞ்சளை அவள் போடுவாள். சிவப்புச் சாக்பீஸை முதல் பெஞ்சில் யாரிடமாவது நீட்டிவிட்டு ஒதுங்கி நின்று கையைத் துடைத்துக்கொள்வாள். ஏறக்குறைய முப்பது வருஷம், எத்தனை பிள்ளைகள், கோணலும் நேருமாக எத்தனை சிவப்பு. மாணவிகளைப் பாடத்தில் ஈடுபடுத்துகிற முறை என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். பணி ஓய்வு விழாவில் ஒருத்தி மைக்கைப் பிடித்து, எங்க மேடம் எங்க கையாலயே இதயத்தை வரைய வச்சாங்க என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினாள். மாலையும் கழுத்துமாக இவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை வராதுட்டி எனக்கு என்று அங்கே எழுந்து சொல்லவா முடியும். குமரேசனுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தது. எண்பத்தாறில், புரட்டாசி தொடக்கத்தில், மாசம் நிறையும் முன்னே காலையில் பிறந்து விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்விட்டது. அழுத சத்தம் அவளுக்குக் கேட்டது, இரண்டே முறை. பெயர் வைக்கவில்லை. இதயத்துல சுவர் சரியா அமையலம்மா, இது ஆரம்பத்துலயே ஆனது, நம்ம கையில இல்ல என்று டாக்டரம்மா சொன்னார். மற்றவர்களுக்கு அதில் ஆறுதல் கடைசி வார்த்தைகளில் இருந்தது. இவள் காதில் விழுந்தது ஆரம்பத்துலயே என்பது மட்டும்தான். ஆரம்பம் எது என்று இவளுக்கல்லவா தெரியும். இதயத்துக்குப் போக வேண்டிய செல்கள் எந்தக் கட்டத்தில் கோட்டுக்குள் இறங்கும் என்று சொல்லித்தானே மாதா மாதம் சம்பளம் வாங்கினாள், மனுஷருக்கு அது மூன்றாவது வாரம் என்று புத்தகத்தில் படித்தும் இருந்தாள். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது, அந்த வலியோடு, தலைமாட்டில் இருந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து முதல் சீட்டைத் தேடினாள். பிப்ரவரி இருபத்துநாலு, திங்கட்கிழமை, ஆறு வாரம் என்று எழுதியிருந்தது. அதற்கு மூன்று வாரமும் இரண்டு நாளும் முன்னால் ஒரு சனிக்கிழமை, பிப்ரவரி ஒன்று. ஆறு வாரத்தில் அதைக் கழித்தால் பத்தொன்பதாம் நாள். மூன்றாவது வாரத்தின் நட்டநடு. கையிலிருந்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் ஃபார்மலின் மாற்றினாள். திங்கட்கிழமை பல்கலைக்கழகக் கமிஷன் வருகிறது, அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாவது அவர்கள் கையில் இருக்கிறது, துறை மியூசியத்தில் செத்த பிராணிகள் மிதக்கிற நூற்றிச்சொச்சம் ஜாடிகளில் மருந்து மங்கிப்போய்க் கிடக்கிறது, அட்டெண்டருக்கு அம்மை. நானே பார்த்துக்கொள்கிறேன் மேடம் என்று துறைத்தலைவியிடம் எக்கச்சக்க உற்சாகத்தோடு சொன்னது அவள்தான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கையுறை கிடையாது, ஜன்னல் துருப்பிடித்துத் திறக்கவில்லை. சுறாக் குட்டி, நட்சத்திர மீன், பெரிய தவளை, இரட்டைத் தலைக் கன்று என்று ஒவ்வொன்றாகத் திறந்து, மங்கியதைக் கொட்டிப் புதியதை ஊற்றி, மூடியில் மெழுகு உருக்கி அடைத்து, கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். சாயங்காலம் கூட்டிக்கொண்டு போக வந்த புருஷன் திரவியம் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, ஏளா, விட்டுட்டு வா, செத்ததுக்கெல்லாம் என்ன அவசரம் என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நீங்க போங்க, இன்னும் நாப்பது இருக்கு என்றாள். ஞாயிற்றுக்கிழமையும் போனாள். கமிஷன்காரர்கள் மியூசியத்துக்குள் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை, ஒருவர் கன்றுக்குட்டியைப் பார்த்து அடடே என்றார். வேலை நிரந்தரமாயிற்று. அந்த வேலையில்தான் வீடு கட்டினாள், குமரேசனைப் படிக்க வைத்தாள். ஒவ்வொரு மாசமும் சம்பளக் கவரைப் பிரிக்கும்போது இரண்டு நாள் மூச்சில் இழுத்த அந்த நெடி லேசாக வந்து போகும். திரவியத்திடம் இதை அவள் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், அட போட்டி, பைத்தியக்காரி என்றிருப்பார், அந்த மன்னிப்பு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் ஒருவேளை ஒன்றும் சொல்லாமல் அவளைப் பார்த்திருந்தால், அதைத் தாங்கியிருக்கவும் மாட்டாள். விட்டுட்டு வா என்று சொன்னவர்தானே. அதனால் வாயை மூடிக்கொண்டு முப்பத்திரண்டு வருஷம் அவரோடு நல்லபடியாகவே குடும்பம் நடத்தினாள். ஆறு வருஷம் ஆயிற்று அவர் போய். கடைசிவரை கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

வெளியே கரும்புச் சாறு வண்டிக்காரன் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான், சலங்கை சத்தம். அந்தச் சலங்கைக்கும் எண்பத்தாறுப் பொங்கலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, கரும்பைத் தவிர. அது அவர்களுக்குத் தலைப்பொங்கல், புதுப் பானை, புது மஞ்சள் கொத்து, அம்மா வீட்டிலிருந்து வந்த பொங்கல்படி, எல்லாம் இருந்தது, போகியன்று பார்த்து இவள் வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். மாமியாருக்கு முகம் தூக்கிக்கொண்டது. நெல்லையப்பன் கோயில் தேரையே இவள் நிறுத்திவிட்ட மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, பானையைத் தானே அடுப்பில் ஏற்றினாள். தீட்டென்று இவள் பின்கட்டு அறையில் பாயில் உட்கார்ந்து, முற்றத்தில் எல்லாரும் குலவை போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை முட்டிய நேரத்தில் திரவியம் கரும்பைத் தோல் சீவித் துண்டு துண்டாக நறுக்கி ஒரு தட்டில் வைத்து, யாரும் பார்க்காதபடி கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போனார். தட்டைத் தொடாமல் தள்ள வேண்டும் என்று பெரிய சாஸ்திரக்காரர் போல ஒரு குச்சியால் தள்ளினார். அவருக்கு ஆர்.எம்.எஸ்.ஸில் வேலை. ரயிலோடு போய் ரயிலோடு திரும்புகிற தபால் வண்டியில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவர். ஊருக்கு வந்தால் வாயெல்லாம் விலாசம்தான். பெரியக்கா வீடு, வேப்பமரத்துக்கு எதிரே, அம்பாசமுத்திரம் என்று ஒருத்தி எழுதியிருக்கா, மரத்தை நான் எங்க போய்த் தேட என்பார். தேடிக் கண்டுபிடித்தும் விடுவார்கள், அதுதான் அவருக்குப் பெருமை. அந்த மாசி பிறந்த வாரம் முழுக்க அவர் லீவு போட்டார். எதற்கென்று கேட்டதற்குச் சும்மாத்தான் என்றார். அப்போது டவுனில் குடியிருந்தார்கள், ஆறு கூப்பிடு தூரம். தினமும் விடிந்ததும் இரண்டு பேரும் குறுக்குத்துறைக்கு நடந்துவிடுவார்கள். தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீர், சில்லென்று, அடியில் கிடக்கிற கூழாங்கல் வரை தெரியும். அவர் ஆற்றுக்குள் நிற்கிற முருகன் கோயில் வரை நீந்திப் போய் அங்கிருந்து கையை ஆட்டுவார். அவள் படித்துறையில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டால் மீன் குஞ்சுகள் வந்து கடிக்கும். ஒரு நாள் அவள் பாடத்தைச் சொன்னாள், எந்தச் செல்லுக்கும் விலாசம் கிடையாது, ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடும் என்று. தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுவிட்டு அவர், உள்ள ஒருத்தன் உக்காந்து பிரிச்சுப் போடுதான் போலுக்கு என்றார். ஈரத் துண்டில் கொய்யாப் பழம் முடிந்துகொண்டு, அதைக் கடித்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்கள். அவள் வாழ்க்கையில் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்த வாரம் அது ஒன்றுதான். பிள்ளை போன பிறகு அந்த வாரத்தை அவளால் நினைக்க முடியவில்லை. ஃபார்மலின் முடிந்து பத்து நாள். உள்ளே அது ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறது, இவள் மீன் கடித்ததற்குச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏளா, ஆத்துக்கு வாரியா என்பார். தலைவலி, சளி, துணி ஊறுது, பேப்பர் திருத்தணும். பத்துப் பன்னிரண்டு வருஷம் கேட்டார். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டு, வாசலில் ஒரு நிமிஷம் சும்மா நின்றுவிட்டுத் தனியாகப் போனார். அவர் அஸ்தியைக்கூடக் குமரேசன்தான் கொண்டுபோய் அங்கே கரைத்துவிட்டு வந்தான். அந்தப் படித்துறையில் அவள் கால் வைத்து முப்பத்தெட்டு வருஷம் இருக்கும்.

"அத்தே" என்றாள் சங்கரி. மூன்றாவது பாட்டில் பாதியோடு நின்றிருந்தது. மடியில் ஃபைல் திறந்து கிடந்தது, அவள் முகம் வெளுத்திருந்தது.

"என்னட்டி, முட்டுதா? இன்னும் ரெண்டு டோக்கன்தான், பொறுத்துக்கோ."

"அதில்லத்தே." குரல் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காத குரல். "வந்ததும் தேதி கேட்டு எழுதினாங்கள்லா, இதப் பாருங்க. ஆறு வாரம் நாலு நாள்னு போட்டிருக்கு. அவிய கப்பல்ல இருந்து வந்தே அஞ்சு வாரந்தானத்தே ஆவுது." அதற்கு மேல் சொல்ல முடியாமல் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "சாமி சத்தியமா அத்தே."

ஒரு மணி நேரமாக இந்தப் பெண் இதையா வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு தண்ணீரைக் குடித்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாமியார் எட்டிப் பார்த்து, விரல் விட்டு எண்ணுவதை வேறு பார்த்திருக்கிறாள், பார்த்து நடுங்கியிருக்கிறாள். செண்பகவல்லிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடுத்ததாக ஒரு பரிவு வந்தது. அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "சத்தியம் எதுக்குட்டி? இதுக்கா இவ்வளவு நேரமா வாயைத் திறக்காம இருந்தே? டாக்டருங்க கணக்கு அப்படித்தான் இருக்கும். பிள்ளை உண்டான நாளு யாருக்குத் தெரியும்? கடைசியா நீ தூரமான மொத நாள்ல இருந்து எண்ணுவாங்க. அதுல ரெண்டு வாரத்தைக் கழிச்சிரணும், அப்பத்தான் பிள்ளையோட வயசு வரும். ஆறுல ரெண்டு போனா நாலு. அவன் வந்து இறங்குனதுக்கு அப்புறம்தான். சரியா?" சங்கரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிட்டாள். நெசமாவாத்தே என்று கேட்டாள், பிறகு மூச்சு விடாமல் பாட்டிலில் மீதியைக் குடித்தாள். செண்பகவல்லி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். வகுப்பில் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன வாக்கியம், இந்த முறை வெளியே போன வேகத்தில் திரும்பி வந்து அவள் முன்னாலேயே நின்றுகொண்டது. ரெண்டு வாரத்தைக் கழிச்சிரணும்.

ஆறில் இரண்டு போனால் நாலு. பிப்ரவரி இருபத்துநாலு, திங்கட்கிழமை, ஆறு வாரம். டாக்டர் எழுதிய ஆறு. கழிச்சிரணும். நாலு வாரம், இருபத்தெட்டு நாள். அதில் மூன்று வாரமும் இரண்டு நாளும், இருபத்துமூன்று, போனால் ஐந்து. ஐந்து நாள். இல்லை, எங்கேயோ தப்பு இருக்கும், மறுபடி போட்டாள். ஐந்து. ஐந்து நாள் கரு கருப்பையில் ஒட்டியே இருக்காது, மிதந்துகொண்டு கிடக்கும், அதற்கு அடுக்கும் கிடையாது, கோடும் கிடையாது, இதயத்துக்குப் போகிறவர்கள் யார் என்று இன்னும் பேச்சே எழவில்லை. அந்த வயசில் ஏதாவது ஆனால் தங்கவே தங்காது, தங்கினால் பழுதில்லாமல் தங்கும் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். எண்பத்தாறில் அவள் நடத்தியது தவளையும் கோழிக்குஞ்சும், முட்டையை அடைக்கு வைத்த மணி தெரியும், கூட்டவோ கழிக்கவோ ஒன்றும் இல்லை. மனுஷக் கரு பாடத்திட்டத்தில் வந்தது பிறகு. வந்ததும் இந்த இரண்டு வாரத்தை அவளே படித்து அவளே நடத்தினாள், கழிக்க மறந்த பிள்ளைகளுக்கு அரை மார்க் குறைத்தாள், சங்கரிக்குக்கூடப் போன வாரம் தன்னையறியாமல் கழித்துத்தான் எண்ணியிருக்கிறாள். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்ட கணக்கை மட்டும் அதன் பிறகு ஒரு தடவையும் திரும்பப் போட்டதில்லை. தப்பு செய்தோம் என்று அத்தனை உறுதியாகத் தெரிந்த பிறகு யார் போய்ச் சரி பார்ப்பார்கள். அதோடும் நிற்காமல் மனசு பொங்கலைக் கொண்டுவந்து முன்னால் போட்டது. பிப்ரவரி இருபத்துநாலிலிருந்து ஆறு வாரம் பின்னால் போனால் ஜனவரி பதின்மூன்று, போகி. பின்கட்டு அறை, பாய், குலவைச் சத்தம், குச்சியால் தள்ளிய கரும்புத் தட்டு. முப்பத்தெட்டு வருஷமாகக் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. வீட்டுக்குத் தூரமாயிருந்தவளுக்கு அன்றைக்கு ஏது பிள்ளை. ஃபார்மலின் இல்லை. அவள் இல்லை. அப்படியானால் யார், ஏன். யாருமில்லை. இது அவளுக்கு நிம்மதியாக இருக்க வேண்டும், ஆனால் முதலில் பயமாகத்தான் இருந்தது. அந்தக் குழந்தையிடம் அவளுக்கென்று மிச்சமிருந்தது தன் குற்றம் ஒன்றுதான், பெயர்கூட இல்லாததை அதை வைத்துத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அதையும் இப்போது கையிலிருந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். யாரும் பிசகு செய்யாமலே, ஏழெட்டுச் செல்கள் எங்கே போவது என்று தெரியாமல் கோட்டில் நின்றுவிட்டன. செருப்பு வார் அறுந்த அந்த ராதாபுரத்துப் பெண்ணை யார் என்ன சொல்ல முடியும். அவள்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பதினேழு என்று கூப்பிட்டார்கள். உள்ளே ஏசிக் குளிர், இருட்டு, சங்கரியின் வயிற்றில் பசை மாதிரி எதையோ தடவினார்கள். செண்பகவல்லி தலைமாட்டில் நின்று திரையைப் பார்த்தாள், பார்க்கத் தெரிந்தவள்தான், ஆனால் கண் நீர் கோத்துச் சாம்பல் நிறம் மட்டும் தெரிந்தது. மூன்றாவது வாரம் அப்போது எது. அந்த எண்ணம் அவ்வளவு நேரமும் வாசலிலேயே நின்றுவிட்டு இப்போதுதான் உள்ளே வந்தது. கரு உண்டானது தை நடுவில். அதிலிருந்து பதினைந்தாம் நாள், இருபத்தொன்றாம் நாள். பிப்ரவரி பத்து, பதினொன்று, மாசி பிறப்பு, பதினாறு. அவர் லீவு போட்ட வாரம். அவள் படித்துறையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே கோடு விழுந்தது, அவர் கோயிலிலிருந்து கையை ஆட்டினபோதுதான் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. கெட்டுப்போன பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை உருவானதே அந்தச் சிரிப்பில்தான். நல்ல தண்ணீர், நல்ல காற்று, கொய்யாப்பழம், அப்பனும் அம்மையும் பக்கத்தில். ஒரு பிள்ளைக்கு அதைவிட நல்ல வாரம் யாராலும் கொடுத்திருக்க முடியாது. அதற்குமேல் அது சரியாக அமையவில்லை, அவ்வளவுதான். டாக்டர் ஏதோ பொத்தானை அமுக்கினார். அறை முழுக்க ஒரு சத்தம், அவசரமாக ஓடி வருகிற சத்தம். துடிப்பு நல்லா இருக்கும்மா, நூத்தி இருபது என்றார். சங்கரி இவள் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். கையில் இப்போது ஒரு சிவப்புச் சாக்பீஸ் இருந்தால் நன்றாக இருக்கும் என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, வீட்டில் துண்டுச் சாக்பீஸ்கூடக் கிடையாது.

வெளியே வந்ததும் சங்கரி முதல் வேலையாகக் கழிப்பறைக்கு ஓடிவிட்டு வந்தாள், அதன் பிறகு குமரேசனைக் கூப்பிட்டு அழுதாள், சிரித்தாள், இந்தாங்க அத்தேட்டப் பேசுங்க என்று கைபேசியை நீட்டினாள். சாயங்காலம் வெள்ளனா வா என்று மட்டும் சொல்லிவிட்டு இவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஆட்டோக்காரன் எங்கம்மா என்று கேட்டான். வீட்டு விலாசத்தைச் சொல்ல வாயெடுத்த சங்கரியை முந்திக்கொண்டு, குறுக்குத்துறை என்றாள். இந்த வெயில்லயாத்தே, அங்க என்ன சோலி என்று கேட்டாள் சங்கரி. காலை நனைச்சிட்டு வந்திரலாம்ட்டி, நீ படியில இறங்காண்டாம், நெழல்ல உக்காந்துக்கோ என்றாள். ஒரு பெரிய விஷயமும் இல்லாத குரலில்தான் சொன்னாள். வழியில் ஒரு தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் இருந்தது, நிறுத்தச் சொல்லி நாலு வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். பை இருக்கே என்றாள் சங்கரி. இருக்கட்டும் என்றாள். ஆட்டோ பாலத்தில் ஏறியது. கீழே தாமிரபரணி, முன்பிருந்த தண்ணீர் இல்லை, நாணலும் மணல் திட்டுமாக, ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குள், வாசலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்கிறவரைப் பார்த்து, "இந்தா வாரேன்" என்றாள். வாய்விட்டே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, யார்ட்டத்தே பேசுதிய என்று சங்கரி கேட்டாள்.